மலிக்குல் இன்கிதார்: ஒரு காழியார் கண்ட இங்கிலாந்து மன்னர்

இலண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்திற்கு வெளியே, வாளை உயர்த்திப் பிடித்துக் குதிரைமீது வீற்றிருக்கும் வெண்கலச் சிலை ஒன்று 1860ஆம் ஆண்டு முதல் நின்று வருகிறது. சிங்க நெஞ்சர் என்று புகழப்படும் முதலாம் ரிச்சர்டு மன்னரின் சிலை அது. 1189 முதல் 1199 வரை பத்தாண்டுகள் அவர் இங்கிலாந்தில் ஆட்சி புரிந்தார் என்று சரித்திரப் பாடநூல்கள் கூறும். ஆட்சி என்ற சொல்லைச் சற்று நிதானித்தே வழங்க வேண்டும். அரசராய் இருந்த அந்தப் பத்தாண்டுகளில் இங்கிலாந்து மண்ணில் அவர் தங்கிய நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு மாதமே தேறும். பிரான்சு நாட்டிலிருந்த தம் பரம்பரை நிலங்களிலும், சிலுவைப் போரிலும், சிறையிலுமே மற்றக் காலம் கழிந்தது.

நம்மவரிடையே இம்மன்னரின் பெயர் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது. நோயுற்றுக் கிடந்த ரிச்சர்டின் கூடாரத்திற்குள் சுல்தான் ஹகீம் வேடத்தில் நுழைந்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார் என்னும் கதையை மேடைகளில் கேளாதவர் நம்மில் குறைவு. கேட்கச் சுவையான கதைதான். ஆனால், அது 1825இல் சர் வால்ட்டர் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து நாவலாசிரியர் புனைந்தது. மெய்யாகவே அவ்விரு மன்னர்களும் ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்ததே இல்லை. ரிச்சர்டு சந்திப்புக் கோரியபோது, மன்னர்கள் கூடி உறவாடிய பின் போரிடுவது முறையன்று, முதலில் சமாதானம் முடியட்டும் என்று சுல்தான் மறுத்துவிட்டார்.

இதை நமக்குச் சொல்பவர் காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். மூஸல் நகரில் 1145இல் பிறந்து, 1188இல் சுல்தானின் பணியில் சேர்ந்து, அவரது படையின் காழியாக இருந்தவர். அவர் அரபியில் எழுதிய சுல்தானின் வரலாறு இன்றும் ஆதார நூலாக விளங்குகிறது. ரிச்சர்டை அவர் பெரும்பாலும் மலிக்குல் இன்கிதார், அதாவது இங்கிலாந்தின் அரசர் என்றே குறிப்பிடுகிறார். அந்த அரசரின் வருகையைக் கூறும் இடத்தில், இவர் பெரும் துணிவுடையவர், போர்கள் பல கண்டவர், பரங்கியரிடையே பதவியில் பிரான்சு மன்னருக்குக் கீழ்ப்பட்டவராயினும் செல்வத்திலும் வீரப் புகழிலும் அவரினும் மேம்பட்டவர் என்று எழுதுகிறார். தம் மக்களைக் கொல்ல வந்த எதிரியைப் பற்றி ஒரு காழி தரும் அறிமுகம் இது.

அதே எழுதுகோல்தான் அக்கா நகரில் நடந்ததையும் எழுதிற்று. பலஸ்தீனக் கரையிலுள்ள அத்துறைமுகம் ஏறக்குறைய ஈராண்டு முற்றுகைக்குப் பின் 1191 ஜூலை 12இல் பணிந்தது. இரண்டு இலட்சம் தீனார், சிறைப்பட்ட கிறிஸ்தவர்களின் விடுதலை, முன்னர்க் கைப்பற்றப்பட்ட சிலுவை ஆகியவற்றை ஈடாகக் கொடுத்தால் உள்ளிருந்த முஸ்லிம் வீரர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு என்பது உடன்படிக்கை. தவணையிலும் பிணையிலும் இழுபறி ஏற்பட்டது. ஆகஸ்டு 20ஆம் நாள் ரிச்சர்டு அந்தக் கைதிகளைக் கயிற்றால் பிணித்து வெளியே கொணர்ந்து, முஸ்லிம் முகாமின் கண்ணெதிரே வாளாலும் ஈட்டியாலும் கொன்று குவித்தார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் என்கிறார் காழியார். சுமார் 2,600 என்று ரிச்சர்டே தம் கடிதத்தில் குறிக்கிறார். ஹிஜ்ரிக் கணக்கில் அது 587 ரஜப் பிறை 27. நான்கு ஆண்டுகளுக்கு முன், 583இல், அதே ரஜப் பிறை 27இல்தான் பைத்துல் முகத்தஸ் ஸலாஹுத்தீனிடம் வந்தது. அன்று ஈட்டுத்தொகை பெற்று, நகரத்தாரை உயிரோடு வெளியேற விட்டார் அவர்.

இக்கொலைக்குக் காரணம் என்ன? முற்றுகையில் மாண்ட தம்மவருக்காகப் பழிவாங்கினர் என்றும், அஸ்கலானை நோக்கிப் புறப்படும் மன்னர் அத்தனை கைதிகளைப் பின்னே விட்டுச் செல்ல விரும்பவில்லை என்றும் இருவகையாகச் சொல்லப்பட்டதை எழுதி, அல்லாஹ்வே அறிந்தவன் என்று காழியார் நிறுத்திக்கொள்கிறார். வசைச் சொல்லுக்கு இடம் இருந்தது. அதை அவர் தேடவில்லை. அதற்கடுத்த வாரங்களில் பிடிபட்ட பரங்கியரைச் சுல்தான் கொல்லச் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. நம் பேச்சாளர் பலர் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். தாண்டுவதற்குரிய நியாயம் எனக்கு விளங்கவில்லை.

போர் ஒருபுறம் நடக்க, தூதும் நடந்தது. சுல்தானின் தம்பி மலிக்குல் ஆதிலுக்குத் தம் சகோதரி ஜோனை மணமுடித்து, இருவரும் பைத்துல் முகத்தஸிலிருந்து நாட்டை ஆளட்டும் என்று ரிச்சர்டு சொல்லியனுப்பினார். இச்செய்தியைச் சுல்தானிடம் எடுத்துரைத்தவர்களுள் நம் காழியாரும் ஒருவர். இது நடவாத வேடிக்கை என்று உணர்ந்த சுல்தான், மும்முறை கேட்டபோதும் சம்மதம் என்றார். ஜோன் கொதித்தெழுந்தாள், அத்திருமணம் நடக்கவில்லை.

1192 கோடையில் ரிச்சர்டு நோயுற்று, பழமும் பனிக்கட்டியும் வேண்டினார். சுல்தான் அனுப்பி வைத்தார். ஹகீம் கதையின் வித்து இதுவாக இருக்கலாம். ஆனால், கொண்டு செல்லும் ஆட்கள் வழியே எதிரியின் நிலையை அறிவதும் அதில் ஒரு நோக்கம் என்று காழியார் ஒளியாமல் சொல்கிறார். பெருந்தன்மையும் போர்த்தந்திரமும் ஒரே தட்டில் இருந்தன. அதற்குச் சற்று முன்பின்னாக யாஃபாவில், ஈட்டி ஏந்திய ரிச்சர்டு முஸ்லிம் அணியின் வலக்கோடி முதல் இடக்கோடி வரை தன்னந்தனியே குதிரையில் சென்றும் எவரும் எதிர்த்து வரவில்லை என்பதையும், சுல்தான் சினந்து திரும்பியதையும் அவரே பதிந்துள்ளார்.

1192 செப்டம்பர் 2இல் சமாதானம் முடிந்தது. சூர் முதல் யாஃபா வரை கரை பரங்கியருக்கு; புனித நகரம் முஸ்லிம்களுக்கு; யாத்திரிகர்களுக்குத் தடையில்லை. தம் சீட்டின்றி வரும் பிரெஞ்சு யாத்திரிகர்களைத் தடுக்குமாறு ரிச்சர்டு கேட்டும் சுல்தான் இணங்கவில்லை. வந்தவர்களை உபசரித்தே அனுப்பினார். இருமுறை பைத்துல் முகத்தஸின் அருகுவரை வந்து மீண்ட ரிச்சர்டு, யாத்திரிகராகக்கூட அதனுள் செல்லாமல் கப்பலேறினார்.

இனி இங்கிலாந்தின் நிலை. சுல்தானை எதிர்க்கவென்று 1188இலேயே வருமானத்திலும் அசையும் பொருளிலும் பத்தில் ஒரு பங்கு வரி வாங்கப்பட்டது. ஸலாஹுத்தீன் வரி என்றே அதற்குப் பெயர். அவரைக் கனவிலும் காணாத ஆங்கிலக் குடியானவன் அவர் பெயரை அறிந்தது இவ்வழியாகத்தான். திரும்பும் வழியில், 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரியக் கோமகனிடம் ரிச்சர்டு அகப்பட்டார். பிடித்தவரும் கிறிஸ்தவர், விலைபேசிய ஜெர்மானியப் பேரரசரும் கிறிஸ்தவரே. ஈட்டுத்தொகை 1,50,000 மார்க் வெள்ளி. வருமானத்தில் நான்கில் ஒரு பங்கும், தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களும், துறவி மடங்களின் ஆட்டு ரோமமும் அதற்காகச் சேகரிக்கப்பட்டன.

அவர் சிறையிலிருந்தபோதே, 1193 மார்ச் 4இல், ஸலாஹுத்தீன் திமிஷ்கில் மறைந்தார். அவரது கருவூலத்தில் எஞ்சியவை 47 திர்ஹமும் ஒரு பொற்காசும் என்று, உடனிருந்த காழியார் எழுதுகிறார்.

1194 பிப்ரவரியில் விடுதலை பெற்ற ரிச்சர்டு, இங்கிலாந்தில் இரண்டு மாதம் தங்கிப் பிரான்சு சென்றார், பின்னர்த் திரும்பவேயில்லை. 1199இல் ஷாலு என்னும் சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது தோளில் பாய்ந்த அம்பின் புண் புரையோடி, ஏப்ரல் 6இல் இறந்தார். உடலை ஃபொன்தெவ்ரோ மடத்திலும் இதயத்தை ரூவான் நகரிலும் அடக்கினார்கள். இரண்டும் பிரான்சு நாட்டிலேயே உள்ளன.