தில்லையின் மூச்சுக் கணக்கு

சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் ஆடும் சிற்சபையின் பொற்கூரையிலே வேய்ந்த ஓடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் சுவாசங்களைக் குறிப்பன என்றும், அவற்றைப் பிணைத்த 72,000 ஆணிகள் உடலில் ஓடும் நாடிகள் என்றும் நம் முன்னோர் சொல்லிவந்தார்கள். நாழிகைக்கு 360 வீதம் அறுபது நாழிகைக்கு வரும் அந்தத் தொகையைக் கடிகாரத்துக்கு மாற்றிப் பார்த்தால் நிமிஷத்துக்குப் பதினைந்து சுவாசம் ஆகிறது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்றைய டாக்டர்கள் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுவே. மூச்சின் எண்ணிக்கையைப் பொன்னிலே பதித்த இந்த மண்ணில், மூச்சின் வேகத்தை எண்ணிப் பாராமல் நாம் இழந்த சிசுக்களை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

நிமோனியா என்ற பெயர் வருமுன்பே அந்த வியாதி இங்கே இருந்தது. ‘கபம் கட்டிவிட்டது’ என்பார்கள். ஜுரம் முற்றிப் பிதற்றத் தொடங்கினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தூதுவளையும் ஆடாதோடையும் திப்பிலியும் இருமலுக்கு இதம் தந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் சீழும் நீரும் நிரம்பி, பிராணவாயு இரத்தத்தில் கலக்க வழியில்லாமற் போகும்போது, கஷாயம் அங்கே எட்டுவதில்லை. அந்த அறைகளை நிரப்பும் கிருமிகளுள் தலையாயதான நியூமோகாக்கஸை 1881ஆம் ஆண்டில் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். வைரஸ்களாலும் இந்நோய் வரும் என்பது பிற்பாடு தெரிந்தது.

1918ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்ஃபுளுயன்ஸா என்ற விஷஜுரம், ரயில் சென்ற இடமெல்லாம் தானும் சென்று, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். பம்பாய் மாகாணத்தைவிடச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது, ஜுரத்தின் பின்னே வந்து நெஞ்சைப் பற்றிக்கொண்ட நிமோனியாவே ஆகும். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட டாக்டர்களிடமோ, கேட்டறிந்ததைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 1938இல் ‘எம் அண்டு பி 693’ என்ற மாத்திரை வந்தது. பிறகு பென்சிலின் வந்தது. 1954இல் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் அதைத் தயாரிக்க அரசாங்கமே தொழிற்சாலை நிறுவியது.

மருந்து கிடைத்த பின்னும் குழந்தைகள் இறந்தனர். காலத்தில் அறியாததே காரணம். எக்ஸ்ரே எட்டாத பப்புவா நியூகினியில் பணிபுரிந்த பிராங்க் ஷான் என்ற குழந்தை வைத்தியர், மூச்சின் வேகமே இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று 1980களில் எடுத்துக்காட்டினார். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எல்லையை மூச்சு எட்டினால் அபாயம் என்ற விதி உலகெங்கும் பரவியது. தில்லை ஓடுகளை எண்ணியவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் அந்நியமாக இருந்திராது!

தடுப்பூசிகளும் வந்தன: நிமோனியா தரும் மற்றொரு கிருமியான ஹிப்புக்கு எதிரானது 2011இலும், நியூமோகாக்கஸுக்கு எதிரானது 2021இலும் தமிழகத்துக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. சவுக்கு மிலாரும் முந்திரி விறகும் எரிந்த குடிசை அடுப்புப் புகையில் மழலைகள் இருமிய காலமும் மெல்ல மறைந்துவருகிறது. தாய்ப்பாலோ என்றும் உள்ள காப்பு.

கார்த்திகை மழை ஓயாத நாளில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் போன்ற ஒரு கடற்கரைக் குப்பத்தில் கிராமச் செவிலியர் செய்வதைப் பாருங்கள். தாயின் மடியில் கிடக்கும் குழந்தையின் சட்டையை மெல்ல உயர்த்தி, மூக்கு விடைக்கிறதா, மூச்சை இழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்று கவனிக்கிறார். குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி. மூச்சின் வேகம் மட்டுமென்றால் அமாக்ஸிஸிலின் மருந்தும் மறுபடி வந்து காட்டும்படி கண்டிப்பான சொல்லும். ஆனால் எதற்கும் முன்னே, கைக்கடிகாரத்தின் விநாடி முள் ஒரு முழு நிமிஷம் சுற்றிவரும்வரை, வயிறு ஏறி இறங்குவதை உதடு அசையாமல் எண்ணுகிறார். இடையில் குழந்தை அழுதுவிட்டால், அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.