பதினெட்டு நிறையும் நாள்



மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்கையில் கீழ்ப்புத்துப்பட்டு வருகிறது. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகக் கரைக்கு ஏதிலிகள் திரளாக வந்தனர். குடும்பமாக வந்தோர் நடுவே, பெற்றோரை இழந்தும் பிரிந்தும் வந்த பிள்ளைகளும் இருந்தனர்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயரிட்டது. மாத உதவித்தொகையையும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என உயர்த்தியது. இது குடும்பத்தை மனத்தில் கொண்ட கணக்கு. குடும்பமே இல்லாமல், இல்லத்தில் வளர்ந்த பிள்ளையின் நிலை என்ன?

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவில், பதினெட்டு நிறைந்து இல்லத்தை விட்டுச் செல்வோருக்குப் பண உதவி ‘வழங்கலாம்’ என்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை.

ஈழத்து இளைஞரும் தஞ்சம் தேடிச் சென்ற இங்கிலாந்தில், 2000ஆம் ஆண்டின் சட்டம் பராமரிப்பை விட்டு நீங்கும் இளையோருக்கு உதவுவதை உள்ளாட்சியின் கடமையாக்கியது. தனியே வந்து தஞ்சம் கோரிய நால்வருக்கு அவ்வுதவி மறுக்கப்பட்டபோது, 2003இல் ஹில்லிங்டன் வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். பதினேழு வயதில் அந்நிய நாட்டுக்குத் தனியே கொண்டுபோகப்பட்டான். பார்வோன் முன் நின்றபோது வயது முப்பது. இடைப்பட்ட காலத்தில் அவனுக்காகப் பேசியிருக்கக்கூடிய பானபாத்திரக்காரரின் தலைவன் இரண்டு வருஷம் அவனை மறந்திருந்தான். அவன் தீங்கு செய்யவில்லை, மறந்தான், அவ்வளவே.

பிரியமானவர்களே, ‘வழங்கலாம்’ என்ற சொல்லுக்கும் ‘வழங்க வேண்டும்’ என்ற சொல்லுக்கும் இடையே ஒரு பிள்ளை கைப்பையுடன் நிற்கிறது. வாடகை வீட்டுக்கு முன்பணம் யார் தருவார்? கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலராக யார் கையெழுத்திடுவார்? உங்கள் ஊர் இல்லத்தில் இவ்வாண்டு பதினெட்டு நிறைவது யாருக்கு என்று இந்த வாரமே விசாரியுங்கள். சட்டம் விருப்பத்துக்கு விட்டதை, அன்பு கடமையாக ஏற்கட்டும்.

மறவாத இருதயத்தைத் தேவன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.