ரேஞ்ச் ரோவரும் எங்க ஊர் கியர்பாக்ஸும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில், சோலிஹல் என்று ஒரு ஊர். ரேஞ்ச் ரோவர் பிறந்த ஊர். இந்த வட்டாரத்தில் கார் தொழிலில் குப்பை கொட்டும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். கியர்பாக்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. இங்கே வெள்ளைக்கார நண்பர்களிடம் ரேஞ்ச் ரோவர் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரு பெருமூச்சு வரும். "எங்கள் வண்டி, இப்போ உங்க ஆளுங்க கையில்" என்பார்கள். 2008 ஜூனில் டாட்டா மோட்டார்ஸ் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு ஃபோர்டிடமிருந்து வாங்கியதைச் சொல்கிறார்கள். அதே சேதி நம்மவர்களுக்குப் பழிதீர்த்த மாதிரி ஒரு சந்தோஷம். "நம்மளை ஆண்டவனோட காரையே வாங்கிட்டோம்ல!"

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பெருமூச்சும் உதைக்கிறது, அந்தச் சந்தோஷமும் உதைக்கிறது. பெயர்ப்பலகை யாருடையது, உள்ளே ஓடும் இஞ்சின் யாருடையது, அதைச் செய்யத் தெரிந்த கை யாருடையது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். எங்க ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் முதலில் ரேஞ்ச் ரோவரின் கதையை பானெட்டுக்கு அடியிலிருந்து சொல்லிவிட்டு, அப்புறம் ஊருக்கு வருகிறேன்.

1970 ஜூனில் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தது. விலை 1,998 பவுண்ட். இன்றைக்கு இருக்கும் சொகுசெல்லாம் அதில் கிடையாது. இரண்டே கதவு, பிளாஸ்டிக் இருக்கை, உள்ளே சேறு பட்டால் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொள்ளலாம். பண்ணை வைத்திருப்பவர் வாரநாளில் வயலுக்கும் வாரக்கடைசியில் ஊருக்கும் ஒரே வண்டியில் போகட்டும் என்பதுதான் ஸ்பென் கிங் என்ற பொறியாளரும் அவர் குழுவும் போட்ட கணக்கு. நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் விசை போகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், சேற்றில் மாட்டினால் அதைப் பூட்டிக்கொள்ளலாம். அன்றைய ஜீப் வகை வண்டிகளில் பெரும்பாலானவை தார் ரோட்டில் இரண்டு சக்கரத்தில்தான் ஓடின. ஆகவே இது பெரிய மாற்றம்.

சரி, இஞ்சின்? 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர், முழுக்க அலுமினியம். இங்கிலாந்தின் பெருமை என்று நினைத்தால் அதுதான் இல்லை. அது அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ப்யூக் கார்களுக்காக 1960களின் தொடக்கத்தில் செய்த இஞ்சின். அலுமினியத்தை வார்ப்பதில் கழிவு அதிகம், செலவும் அதிகம் என்று சில வருடங்களிலேயே அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா போயிருந்தபோது, படகு இஞ்சின் செய்யும் ஒரு பட்டறையில் அதைப் பார்த்தார். 1965ல் உரிமையை வாங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் வேண்டாம் என்று ஒதுக்கியது இங்கே முப்பது வருடம் ரேஞ்ச் ரோவரை இழுத்தது. 3.5 லிட்டர் 3.9 ஆனது, 4.2 ஆனது, கடைசியில் 4.6 வரை வளர்ந்தது.

கியர்பாக்ஸ் கதை இன்னும் சுவாரசியம் (என் தொழில், அப்படித்தான் சொல்வேன் :-) ). ஆரம்பத்தில் நான்கு கியர், கையால் மாற்றுவது, சொந்தத் தயாரிப்பு. 1981ல் நான்கு கதவு வந்தது. சொகுசு கேட்கும் வாடிக்கையாளர்களும் வந்தார்கள். அவர்களுக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். 1982ல் அமெரிக்க கிரைஸ்லரின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைப் பொருத்தினார்கள். 1980களின் நடுவில் அதன் இடத்துக்கு ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டி வந்தது. 1986ல் வந்த முதல் டீசல் இஞ்சின், இத்தாலியின் வி.எம் நிறுவனத்துடையது.

இரண்டாம் தலைமுறை 1994ல் வந்தது. அதே வருடம் கம்பெனியை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ வாங்கியது. அந்த வண்டியின் டீசல் இஞ்சின் பி.எம்.டபிள்யூவுடையது. மூன்றாம் தலைமுறை 2001 கடைசியில் அறிமுகமானபோது பெட்ரோல் இஞ்சினும் பி.எம்.டபிள்யூவுடையதாகிவிட்டது. தனிச் சட்டகத்தின் மேல் உடலை உட்கார வைக்கும் பழைய முறையும் அத்தோடு போனது. வேடிக்கை என்னவென்றால், வண்டி கடைக்கு வருவதற்குள் கம்பெனி 2000த்திலேயே ஃபோர்டுக்குக் கைமாறியிருந்தது. போட்டியாளரின் இஞ்சினை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? 2005ல் ஜாகுவார் வி8 வந்தது. அத்தோடு இசட்.எஃப்பின் ஆறு கியர் பெட்டியும் வந்தது.

2012ல் நான்காம் தலைமுறை. டாட்டா கைக்கு வந்தபின் வந்த முதல் முழு ரேஞ்ச் ரோவர். உடல் முழுக்க அலுமினியம். முந்தையதைவிட 420 கிலோ வரை எடை குறைவு என்றார்கள். எட்டு கியர், அதுவும் இசட்.எஃப். 2014ல் வுல்வர்ஹாம்ப்டனில் கம்பெனிக்கே சொந்தமாக ஒரு இஞ்சின் தொழிற்சாலை திறந்தார்கள். அங்கிருந்து வந்த 'இன்ஜீனியம்' வரிசையில் நான்கு சிலிண்டரும், பிறகு ஆறு சிலிண்டரும் ரேஞ்ச் ரோவருக்குள் போயின. ஐந்தாம் தலைமுறை 2021 அக்டோபரில் வந்தது. அதில் ஆறு சிலிண்டர் சொந்த இஞ்சின். எட்டு சிலிண்டர் கேட்பவருக்கோ, மறுபடியும் பி.எம்.டபிள்யூ! ஜாகுவார் வி8 இஞ்சினைச் செய்துவந்த வேல்ஸ் நாட்டின் பிரிட்ஜெண்ட் ஃபோர்டு தொழிற்சாலை 2020ல் மூடப்பட்டுவிட்டது.

இந்தப் பட்டியலை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பி.எம்.டபிள்யூ முதலாளியாக இருந்தபோது தன் இஞ்சினைக் கொண்டுவந்தது. ஃபோர்டு தன் வீட்டிலிருந்த ஜாகுவார் இஞ்சினைக் கொண்டுவந்தது. டாட்டா கொண்டுவந்தது பணத்தையும் பொறுமையையும். நான் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. 2008ன் உலகப் பொருளாதாரச் சரிவில் வேறு யாராவது வாங்கியிருந்தால் இழுத்து மூடியிருக்கலாம். ஆனால் இந்தியாவில் பிறந்த இஞ்சின் எதுவும் ரேஞ்ச் ரோவருக்குள் போகவில்லை. "எங்கள் வண்டி" என்று பெருமூச்சு விடுபவருக்கும் இதே பதில்தான்: முதல் நாளிலேயே அதன் இதயம் அமெரிக்காவில் பிறந்தது ஐயா.

இப்போது ஊருக்கு வருவோம்.

1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலார் தங்கச் சுரங்கங்களின் நிர்வாகத்துக்கு வந்தார்கள். சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் கீழே கீழே போயின. சாம்பியன் ரீஃப் கடைசியில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆளை இறக்க, கல்லை ஏற்ற, தண்ணீரை இறைக்க, காற்றை உள்ளே தள்ள, எல்லாவற்றுக்கும் இஞ்சின் வேண்டும். முதலில் விறகிலும் நிலக்கரியிலும் ஓடிய நீராவி இஞ்சின்கள். அது கட்டுப்படியாகவில்லை. 1902ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905ல். எங்க ஊருக்கு அதற்கு மூன்று வருடம் முன்பே கரண்ட் வந்துவிட்டது என்று தங்கவயல்காரர்கள் இன்னும் பீற்றிக்கொள்வோம்.

அந்த மின்சாரத்தின் பானெட்டையும் திறந்து பாருங்கள். டர்பைன் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ். ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். தண்ணீர் காவிரியுடையது. ஆதரவு கொடுத்து நடத்திவைத்தது மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பங்கு வைத்திருந்தவர்கள் லண்டனில். பாறையை உடைத்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி வந்த தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தலித் மக்கள். துரைமார்களுக்குப் பங்களாவும் கிளப்பும். இவர்களுக்கு மூங்கில் தட்டி அடைத்த 'லைன்' வீடுகள். 1930ல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் போனபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று வேலைநிறுத்தமே நடந்தது. ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் மட்டும் 'குட்டி இங்கிலாந்து'.

முதலாளிகள் அங்கேயும் மாறினார்கள். 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசு. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று பெயர் மாறியது. நம் கைக்கு வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. ஆனால் தாது மெலிந்துகொண்டே போனது, ஆழம் கூடிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூன்று தலைமுறையாக வைண்டர் ஓட்டவும், பாறைக்கு முட்டுக்கொடுக்கவும், பாறை வெடிக்கும் முன் அதன் சத்தத்தை வைத்தே ஆபத்தைச் சொல்லவும் தெரிந்த கைகள், விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கொண்டன. மாரிக்குப்பத்தில் கிளம்பும் அந்த ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஊரில் ஒன்று மட்டும் தப்பியது. 1964ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், அதாவது எங்க 'பெமல்'. ஜப்பானின் கோமாட்சுவிடம் தொழில்நுட்பம் வாங்கி புல்டோசர் செய்தார்கள். வெறுமனே பூட்டி முடுக்கவில்லை. கியர், டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் பாகங்கள் செய்ய தங்கவயலிலேயே தனிப் பிரிவு உண்டு. என் அப்பா ரிட்டயர் ஆனது அங்கேதான். சுரங்கம் நின்ற பிறகும் பெமல் நகர் விளக்கு அணையவில்லை.

பெரிய புல்டோசருக்கும் ஆட்டோமேட்டிக் ரேஞ்ச் ரோவருக்கும் ஒரு உறவு உண்டு: டார்க் கன்வெர்டர். எதிரெதிரே இரண்டு மேசை விசிறி வையுங்கள். ஒன்றை ஓடவிட்டால், காற்று பட்டு மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், நடுவில் அந்த எண்ணெயைத் திருப்பி அடிக்க இன்னொரு சக்கரம். இஞ்சினின் சுழலும் விசை பெருகிப் பின்னால் போகும். ஒன்று மண்ணைத் தள்ளுகிறது, இன்னொன்று மகாராணியைச் சுமந்தது. வேலை செய்யும் விதம் ஒன்றே. அதை வெட்டிக் கடைந்து செய்யத் தெரிந்தவர்கள் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் கையில் பையோடு நடந்துபோவார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம், ரேஞ்ச் ரோவரை புனேயில் பூட்டப்போவதாக அறிவித்தார்கள். ஐம்பத்து நான்கு வருடத்தில் பிரிட்டனுக்கு வெளியே அது முதல் தடவை. பாகங்கள் பெட்டிகளில் வரும், இங்கே சேர்த்துப் பூட்டுவார்கள். வரி குறைவதால் விலையும் குறையும். அதே வருடம் செப்டம்பர் 28ஆம் தேதி, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டாவின் புதுக் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு, முழு அளவை எட்டும்போது வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி, ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அதில் உண்டு என்றார்கள்.

ராணிப்பேட்டை எங்கே இருக்கிறது? பழைய வட ஆற்காட்டில். எங்க தாத்தா துணிமூட்டையோடு சாம்பியன் ரீஃபுக்கு ரயில் ஏறிய அதே சீமை.

நூற்றுச் சொச்சம் வருடம் முன்பு வேலை தேடி அங்கிருந்து கிளம்பினார்கள். இப்போது வேலை அங்கேயே வருகிறது. எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் என் சந்தோஷம் பெயர்ப்பலகையைப் பார்த்து அல்ல. பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டுவது ஒரு வேலை. நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் முதலாளி மாறினால், வரி மாறினால், மாதிரி மாறினால், அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். கியர் வெட்டத் தெரிந்த ஊரை அப்படிச் சுலபமாக விட்டுப் போக முடியாது. சுரங்கத்துக்கும் பெமலுக்கும் நடுவில் நான் பார்த்த வித்தியாசம் இதுதான். அருங்காட்சியகம் போல ஆகிவிட்ட இந்த இங்கிலாந்துத் தொழில் ஊர்களிலும் இதைத்தான் பார்க்கிறேன்.

மின்சார வண்டிகள் வரும் காலம் இது. எட்டு சிலிண்டர் யாருடையது என்ற கேள்வி சீக்கிரம் பழசாகிவிடும். மோட்டாரும் பேட்டரியும் அதை ஆளும் மென்பொருளும் யார் கையில் என்பதுதான் அடுத்த கேள்வி. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கும் நேரம் என்பதால், நம் பிள்ளைகளுக்கு இது நல்ல சந்தர்ப்பம் என்றுகூடத் தோன்றுகிறது.

ராணிப்பேட்டை, வாலாஜா, அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம் எழுதுங்கள். அங்கே ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பிள்ளைகளுக்கு இப்போது என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? பூட்டவா, செய்யவா?