நுண்கலைமாணிக் கல்வி: ஊவா மாகாணம்

நுண்கலைமாணி என்பது, சித்திரம், சிற்பம் முதலியவற்றைக் கலைக்கூடத்திலே கையால் அப்பியசித்துப் பெறும் நான்காண்டுப் பட்டமாகும். மொனராகலை, பதுளைத் தோட்டப்புறத்து மாணாக்கருக்கு இது சொந்த மாகாணத்தில் வாய்ப்பதன்று. 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் விஞ்ஞானம், தொழில்நுட்பம், முகாமைத்துவம் ஆகியவற்றையே பெரிதும் நாடியது. ஆதலின், உயர்தர வகுப்பில் சித்திரம் பயின்று செயன்முறைத் தேர்விலும் தேறியவர், மொனராகலையை ஊடறுத்துச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை எங்கே முடிகின்றதோ அந்த மட்டக்களப்பிற்கே சென்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் சேர்தல் கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்திரக் கற்கை உண்டு.

கலைக்கூடப் பயிற்சியின் சாரம் விரிவுரையன்று. ஒரே உருவத்தை ஒளி மாறுந்தோறும் மீண்டும் வரைதலும், களிமண்ணைப் பிசைந்து கட்டிக் குலைத்தலும், சகமாணாக்கர் முன்னிலையில் ஆசிரியரின் கண்டனத்தைப் பொறுத்துக் கேட்டலுமேயாம்.

விந்தை யாதெனின், நுண்கலைக் கலாசாலையற்ற மொனராகலை மாவட்டம் சிற்பச் செல்வத்திற் குறைந்ததன்று. வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள புதுருவகலையில், ஏறத்தாழ 51 அடி உயரப் புத்தர் நடுநாயகமாக நிற்க, ஏழு உருவங்கள் பாறையிற் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேற் பூசிய சுதையும் வண்ணமும் இன்னும் ஆங்காங்கே எஞ்சியுள்ளமையால், கல்லும் தூரிகையும் ஒருகாலத்தில் ஒரே தொழிலின் இரு கரங்களாயிருந்தமை புலப்படும். இம்மாவட்டத்து மாளிகாவிலையின் சுண்ணக்கற் புத்தரோ பாறையினின்று முற்றிலும் விடுபட்டுத் தனித்து நிற்கும் பிரதிமை. இவ்விரண்டையும் ஒரே நாளிற் பார்த்து வருபவர், புடைப்புச் சிற்பத்திற்கும் முழுச் சிற்பத்திற்கும் உள்ள பேதத்தை எந்நூலினும் தெளிவாக உணர்வர்.