நேரம் குறித்த வரிகள்: காவலூர் பதிவேடு முதல் டீபக் லாக் வரை

ஜவ்வாது மலையின் காவலூரில் 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டபோது, சென்னையிலும் கொடைக்கானலிலும் ஊறிய ஒரு தொழில் வழக்கமும் அதனுடன் மலையேறியது. கருவி என்ன செய்தது, எந்த நேரத்தில் செய்தது என்பதை அப்போதைக்கப்போதே எழுதிவைப்பதே அந்த வழக்கம். மென்பொருள் துறையில் டீபக் லாக் என்று வழங்குவது இதற்கு நெருங்கிய உறவு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் எந்த இடத்தைக் கடந்தது, அப்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது என்பதை நேரத்துடன் ஒரு வரியாக வெளியிடுகிறது. பின்னால் கோளாறு தெரியவந்தால் அந்த வரிகளை வைத்தே நடந்ததைத் திரும்பக் கோத்துப் பார்க்கிறார்கள். வானாய்வகத்திலும் கணினியிலும் நெறி ஒன்றுதான்: கண்டதை எழுத வேண்டும், அதற்குக் கற்பித்த பொருளைத் தனியே வைக்க வேண்டும். இந்த நெறியின் பயன் என்ன என்பதைக் காவலூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

காவலூரின் மூதாதை சென்னை வானாய்வகம். வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அதைத் தொடங்கினார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின், மைக்கேல் டாப்பிங்கின் பொறுப்பில் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடி உயர, 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த எழுத்துகளில் தமிழும் உண்டு.

அங்கே நடந்த வேலையில் பெரும்பகுதி, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது. நோக்குபவரின் கண் தொலைநோக்கியின் கம்பியில் இருக்கும். காது கடிகாரத்தின் விநாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும். விண்மீன் கம்பியைத் தொட்ட கணத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு, உடனே ஏட்டில் எழுதிவிட வேண்டும். இப்படிச் சேர்ந்த வரிகளிலிருந்துதான் அங்கிருந்த வானியலாளர் டி. ஜி. டெய்லரின் 1844-ஆம் ஆண்டுப் பட்டியல் உருவானது. ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் இடங்கள் அதில் உள்ளன.

பதிவுகளின் இன்னொரு பயன், பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடும்போது வெளிப்பட்டது. அதே வானாய்வகத்தின் நார்மன் போக்சன் 1861-இல் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டறிந்தார். சிறுகோள் பார்வைக்கு விண்மீன் போலவே ஒரு புள்ளி. முன்பு குறித்த இடத்திலிருந்து நகர்ந்திருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். முந்தைய ஒளி அளவு எழுத்தில் இல்லையென்றால் மாற்றம் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே சூரியனை நாள்தோறும் படமெடுப்பது முதன்மையான வேலை. 1960-இல் இயக்குநர் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானுக்குத் தனி இடம் தேடினார். அப்படிக் கிடைத்ததுதான் காவலூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம்; சந்தனமரக் காடுகள் சூழ்ந்த மலை; நகர வெளிச்சம் எட்டாத தொலைவு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். மழைக்காலம் நோக்கலுக்கு ஆகாது. சனவரி முதல் மே வரையே நல்ல இரவுகள். கொடைக்கானல் பணிமனையில் செய்த 38 செ.மீ. கருவி முதலில் வந்தது. 1971-இல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தனி அமைப்பானது. மறு ஆண்டு கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது.

புகைப்படத் தகடுகள் இருந்த காலத்தில் நோக்கல் பதிவேட்டின் ஒரு வரியில் இவை இருக்கும்: தகட்டின் எண், விண்மீனின் பெயர், வானில் அதன் இரு ஆயங்கள், ஒளிபடத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வடிகட்டி, தகட்டில் பூசிய ஒளியுணர் குழம்பின் வகை, கடைசியில் குறிப்பு. குறிப்புக் கட்டத்தில் ‘மேற்கே மெல்லிய மேகம்’, ‘கண்ணாடியில் பனி’, ‘நடுவில் இரண்டு நிமிடம் மின்சாரம் இல்லை’ என்பது போன்ற சிறு செய்திகள் இடம்பெறும். எழுதுகிறவருக்கு அப்போது அற்பமாகத் தெரிவது, தகட்டைக் கழுவி அளக்கும்போது முடிவையே மாற்றிவிடலாம். விண்மீன் மங்கியதா, மேகம் மறைத்ததா என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருக்கும். இதை எழுதவும் வெளிச்சம் வேண்டும். வெள்ளை வெளிச்சமோ இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும், தகட்டிலும் கசியும். அதனால் நோக்குபவர்கள் மங்கலான சிவப்பு விளக்கில்தான் எழுதினார்கள். பதிவு செய்யும் வேலை, பதிவாகும் வேலையைக் கெடுக்கக் கூடாது.

எந்த நேரத்தை எழுதுவது என்பதும் கவனம் வேண்டிய விஷயம். ஒரே இரவு மாலையில் ஒரு தேதியிலும் விடியலில் அடுத்த தேதியிலும் இருக்கும். வானியலாளர்கள் உலக நேரத்தில் எழுதுவதால், இந்திய நேரம் காலை 5.30 வரை பழைய தேதியே தொடர்கிறது. ஜூலியன் நாளெண் என்ற தொடர் எண்ணிக்கை இன்னும் வசதி. அது உலக நேர நண்பகலில், அதாவது இந்திய நேரம் மாலை 5.30-க்கு மாறுவதால் காவலூரின் முழு இரவும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். பல நாடுகளில் இருக்கும் சர்வர்களின் லாக்குகளை ஒன்றாக வைத்துப் படிக்க நேரும் நிரலாளர்களும் இதே காரணத்துக்காக உலக நேரத்தையே பயன்படுத்துகிறார்கள்.

கண்டதையும் கருதியதையும் பிரித்துவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 1970-களின் இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கானிமீட், ஒரு விண்மீனை மறைத்தது. துணைக்கோளைச் சுற்றிக் காற்று இல்லையென்றால் விண்மீனின் ஒளி சட்டென்று அறுந்துபோகும். இருந்தால் படிப்படியாக மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் இருந்து அளந்த ஒளியைக் கொண்டு, கானிமீடில் மெல்லிய வளிமண்டலம் இருப்பதாகவும் அதன் அழுத்தம் ஏறத்தாழ 1 மைக்ரோபார் என்றும் 1973-இல் ஆய்வுக்குழு அறிவித்தது. 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, அழுத்தம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே இருக்க முடியும் என்று தெரிந்தது. மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை இருப்பதை ஹபிள் தொலைநோக்கி 1990-களில் கண்டது.

அடுத்தது 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தனர். எதிர்பாராத நேரத்தில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் சரிந்து மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று பொருள்கொண்டு இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்த குயிப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் அளந்துகொண்டிருந்தது. மறைப்பு நேரக் கணக்கில் ஐயம் இருந்ததால் அவர்கள் பதிவுக் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்குச் சுமார் 35 நிமிடம் முன்பே ஒளி சரியத் தொடங்கியது. கோளின் மறுபக்கத்திலும் அதே சரிவுகள் வந்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் உறுதியானது. காவலூரில் பதிவான சரிவும் வளையத்தினுடையதே.

துணைக்கோள் என்ற கருத்து கைவிடப்பட்டது. காவலூரின் பதிவுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்ன நேரத்தில், இவ்வளவு நொடி, இவ்வளவு ஒளி குறைந்தது என்று எழுதியிருந்ததால் வளையத்துக்கும் அது சான்றாயிற்று. ‘இந்த நேரத்தில் துணைக்கோள் கடந்தது’ என்று மட்டும் குறித்திருந்தால், கருத்து விழும்போது பதிவும் சேர்ந்து விழுந்திருக்கும். ‘தரவுத்தளம் பழுது’ என்று எழுதும் லாக் வரிக்கும், ‘5 விநாடி காத்தும் தரவுத்தளத்திலிருந்து பதில் இல்லை’ என்று எழுதும் வரிக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். முன்னது ஊகம். பின்னது, காரணம் நெட்வொர்க்கில் இருந்தாலும் உண்மையாகவே நிற்கும்.

1986 சனவரி 6 அன்று, உள்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் தொடங்கிவைத்தார். வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1982-இலேயே மறைந்துவிட்டார். காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரியில் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். போக்சன் 1885-இல் கண்ட ‘வீரா’வை அடுத்து இந்திய மண்ணிலிருந்து கிடைத்தது அது. இதற்கிடையே தகடுகளின் இடத்தை மின்னணு உணரிகள் பிடித்தன. பதிவேட்டின் வரிகள் படக் கோப்புக்குள்ளேயே குடியேறின. 1981-இல் வெளியான ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் படத்துக்கு முன்னால் 80 எழுத்து நீள வரிகள் வரும்: பொருளின் பெயர், நோக்கிய தேதி, ஒளிபட்ட நேரம். ‘ஹிஸ்டரி’ என்று தொடங்கும் வரிகள், படத்தை எந்த நிரல் எப்படித் திருத்தியது என்பதைச் சொல்லும். மூல அளவும் அதன்மேல் நடந்த வேலையும் வெவ்வேறு வரிகளில் நிற்கின்றன.

கணினித் துறையின் லாக்கும் கையெழுத்து ஏட்டில்தான் தொடங்கியது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. இயக்கியவர்கள் அதை எடுத்து, பதிவேட்டில் 15.45 என்ற நேரத்துக்கு நேராக ஒட்டிவைத்தார்கள். 1970-களில் சி மொழி பரவியபோது, ‘பிரிண்ட்எஃப்’ வரி ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நிரலாளரின் முதல் கைமருந்தாயிற்று. கவனமான சிந்தனையும் இடம் பார்த்துப் போட்ட அச்சு வரிகளுமே பிழை தேட மிகச் சிறந்த கருவிகள் என்று பிரையன் கெர்னிகன் 1979-இல் எழுதினார்.

அந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. பிழை கிடைத்ததும் வரிகளை நீக்க வேண்டும். அடுத்த பிழைக்கு மறுபடியும் போட வேண்டும். நீக்க மறந்தால் வாடிக்கையாளரின் திரை முழுக்க ‘இங்கே வந்தது 1’, ‘இங்கே வந்தது 2’ என்று ஓடும். வரியை நிரலிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது மட்டும் பேசவைப்பதுதான் தீர்வு. 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக எழுதிய சிஸ்லாக், செய்திகளை எட்டுப் படிகளாகப் பிரித்தது. பூச்சியம் பேராபத்து, ஏழு டீபக். எந்தப் படி வரை பதிய வேண்டும் என்பதை நிரலைத் தொடாமலே மாற்றலாம். ஜாவா மொழியில் செகி கூல்சூவின் லாக்4ஜே இந்த எண்ணத்தை விரித்தது. பைத்தான் 2003-இல் தன் நூலகத்திலேயே லாக்கிங் பகுதியைச் சேர்த்துக்கொண்டது.

வசதி பெருகப் பெருக இந்த லாக் நூலகங்கள் கனத்துப்போயின. கோப்பைச் சுழற்ற, மின்னஞ்சல் அனுப்ப, வடிவம் மாற்ற என்று அமைப்புக் கோப்புகளே பக்கக்கணக்கில் நீண்டன. சிறு நிரலுக்கு இவ்வளவு தேவையில்லை. 2011-இல் நோட்.ஜேஎஸ் உலகத்துக்கு டீஜே ஹாலோவேச்சுக் எழுதிய ‘டீபக்’ என்ற சிறு நூலகம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு நிறம், முந்தைய செய்தியிலிருந்து எத்தனை மில்லிவிநாடி கடந்தது என்ற எண்: அவ்வளவுதான். தொலைநோக்கியின் குவிமாடத்தைச் சுழற்றும் நிரல் ஒன்றில் அதைப் போட்டால் வரி இப்படி வரும்:

குவிமாடம்:சுழற்சி — இப்போது 142°, இலக்கு 145° +38 மி.வி.

‘குவிமாடம்’ என்று தொடங்குபவை எல்லாம் பேசட்டும், மற்றவை வாய் மூடட்டும் என்று சூழல் மாறி ஒன்றில் எழுதினால் போதும். எதுவும் எழுதாவிட்டால் எல்லாம் அமைதி. கடைசியில் வரும் மில்லிவிநாடி எண்ணே பல நேரம் பிழையைக் காட்டிவிடும். வழக்கமாக 40 வரும் இடத்தில் 4,000 வந்தால் தேட வேண்டிய இடம் அதுவே.

இலேசான கருவிக்கும் செலவு உண்டு. செய்தி அணைந்திருந்தாலும், அதற்கான சொற்றொடரைக் கட்டும் வேலை முன்பே நடந்துவிட்டால் நேரம் வீண்தான். நல்ல நூலகங்கள் அணைந்திருப்பதை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். லாக் வரியைச் சேர்த்ததும் மறைந்து, எடுத்ததும் திரும்பி வரும் பிழைகளும் உண்டு. வரியை எழுதும் சிறு தாமதமே நிரலின் தாளத்தை மாற்றிவிடுவதால் இது நேர்கிறது. சிவப்பு விளக்கில் எழுதியவர்கள் அறிந்திருந்த அதே இடர்.

பாதுகாப்பு இன்னொரு கவலை. லாக்4ஜே 2 தன்னிடம் வந்த செய்தியை எழுதுவதோடு நில்லாமல், அதிலுள்ள சில குறிகளைக் கட்டளையாக எடுத்துச் செயல்பட்டது. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட இந்த ஓட்டை உலகெங்கும் சர்வர்களை ஆபத்தில் தள்ளியது. 2025 செப்டம்பரில் ‘டீபக்’ நூலகத்தின் ஒரு பதிப்பிலேயே தீய நிரல் புகுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. கடவுச்சொல், அட்டை எண் போன்றவை லாக் வரியில் விழுந்துவிடாமல் பார்ப்பதும் எழுதுகிறவரின் பொறுப்பு.

வானாய்வகமும் இன்று இத்தகைய வரிகளை நம்பியிருக்கிறது. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். கருவியின் அருகே நோக்குபவர் இல்லாதபோது, அங்கே நடப்பதை அறிய அது அனுப்பும் வரிகளே வழி.

இரு வழக்கங்களும் பிரிவது சேமிப்பில். டீபக் வரிகளைச் சில நாளில் அழித்துவிடுவது இயல்பு. பெரும்பாலான பிழைகளை நிரலை மறுபடி ஓட்டி வரவழைத்துவிடலாம், வரிகளும் வட்டை நிரப்பிவிடும். எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் பிழை இருந்தால் மட்டுமே நீண்ட நாள் வைத்திருப்பார்கள். நோக்கல் பதிவுகளை வானாய்வகங்கள் அழிப்பதில்லை. 1977-இல் அந்த விண்மீனின் முன்னே யுரேனஸ் கடந்தது ஒரே ஒருமுறை. அதை மறுபடி ஓட்டிப் பார்க்க வழியில்லை.