தூக்குமேடையிலிருந்து கவுண்டிக் காவலுக்கு: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைத் திருட்டு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் உழவு, பாரவண்டி, பயணம் ஆகிய மூன்றும் குதிரையை நம்பியிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் இரவு தங்கும் குதிரையைக் களவாடுவது எளிது. களவுப்பொருளே கள்வனைச் சுமந்துகொண்டு விடிவதற்குள் பல மைல் கடந்துவிடும்.

இக்குற்றத்துக்கு 16ஆம் நூற்றாண்டு முதலே மரண தண்டனை இருந்தது. திருட்டுக் குதிரை கைமாறுவதைத் தடுக்க 1555, 1589 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் முயன்றன. இவற்றின்படி, சந்தையில் விற்கும் குதிரையின் நிறம், அடையாளக் குறி, விலை, விற்பவரின் பெயர், ஊர் ஆகியவற்றைச் சுங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். விற்பவர் முன்பின் அறியாதவரானால் அறிந்த ஒருவர் அவருக்குச் சான்று கூற வேண்டும். பதிவோடு விற்கப்பட்ட குதிரையையும் உரியவர் 6 மாதத்துக்குள் விலையைக் கொடுத்து மீட்கலாம். ஆயினும் லிங்கன்ஷயரின் ஹார்ன்காசில் போன்ற பெருஞ்சந்தைகளின் நெரிசலில் ஒரு திருட்டுக் குதிரையை இனங்காண்பது அரிதாக இருந்தது.

கள்வனைப் பிடிக்க ஊரில் இருந்தவர், பாரிஷ் எனும் தேவாலய வட்டத்தின் கான்ஸ்டபிள் ஒருவரே. தம் தொழிலை நடத்திக்கொண்டே ஓராண்டுக் காலம், பெரும்பாலும் சம்பளமின்றி, இப்பொறுப்பை அவர் சுமந்தார். 1699ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதன் பளுவைக் காட்டுகிறது. குதிரைத் திருடனைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தந்தவருக்கு அது அளித்த பரிசு, பாரிஷ் பதவிகளிலிருந்து விலக்கு. லண்டனின் தூக்குமேடைக் களமான டைபர்னின் பெயரால் ‘டைபர்ன் சீட்டு’ என வழங்கிய இச்சான்றிதழைப் பிறருக்கு விற்கவும் முடிந்தது. 1818இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

வழக்கு நடத்துவதும் பொருளை இழந்தவரின் வேலையாகவே இருந்தது. அச்செலவைப் பகிர்ந்துகொள்ள நிலக்கிழார்களும் குடியானவர்களும் சந்தா கட்டிச் சங்கங்கள் அமைத்தனர். குதிரை காணாமற்போனதும் அதன் உயரம், நிறம், நெற்றிச் சுட்டி, வெள்ளைக் கால் ஆகியவற்றை விவரித்துப் பரிசுத் தொகையுடன் துண்டறிக்கை அச்சிட்டு, சுற்றுவட்டார விடுதிகளிலும் சந்தைகளிலும் பரப்பினர். இத்தகைய சங்கங்கள் 500க்கும் மேல் இருந்ததாக, காவல் முறையை ஆராய்ந்து 1839இல் அறிக்கை அளித்த அரச ஆணையம் குறிப்பிட்டது.

இதற்கிடையே தண்டனை தளர்ந்தது. உயிரையே வாங்கும் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரவும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கவும் பலர் தயங்குவதாகச் சீர்திருத்தவாதிகள் வாதிட்டனர். 1832இல் குதிரைத் திருட்டுக்கான மரண தண்டனை நீங்கி, ஆயுள்கால நாடுகடத்தல் வந்தது. 1861ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி உச்ச தண்டனை 14 ஆண்டுக் கடுஞ்சிறை.

தண்டனையின் அச்சம் குறைந்தபோது, பிடிபடுவது உறுதி என்ற அச்சம் அதனிடத்தில் தேவைப்பட்டது. சமூகச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் அங்கம் வகித்த மேற்கூறிய ஆணையம் நாட்டுப்புறத்துக்குச் சம்பளக் காவலர்களைப் பரிந்துரைத்தது. 1839ஆம் ஆண்டின் கவுண்டிக் (மாவட்டக்) காவல் சட்டம், 1,000 பேருக்கு ஒருவர் என்ற உச்சவரம்புடன் காவற்படை அமைக்க நீதிபதிகளுக்கு இசைவளித்தது; கட்டாயப்படுத்தவில்லை. வில்ட்ஷயர் உடனே அமைத்தது. வரிச்சுமைக்கும் லண்டன் அரசின் தலையீட்டுக்கும் அஞ்சிப் பல கவுண்டிகள் ஒதுங்கி நின்றன. 1856ஆம் ஆண்டுச் சட்டமே எல்லாக் கவுண்டிகளிலும் காவற்படையைக் கட்டாயமாக்கியது. அரசின் காவல் ஆய்வாளர்கள் திறம்பட இயங்குவதாகச் சான்றளித்த படைகளுக்கு, சம்பளம், சீருடைச் செலவில் கால் பங்கை அரசு ஏற்றது.

ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரே தலைமை, இரவு ரோந்து, அண்டைக் கவுண்டிகளோடு தகவல் பரிமாற்றம் ஆகியவை வந்தபின், பாரிஷ் எல்லையைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற பழைய நிலை குறைந்தது. சங்கங்கள் பல கலைந்தன. எஞ்சியவற்றுள் சில ஆண்டு விருந்துக்கு மட்டும் கூடும் அமைப்புகளாயின.