வாங்கில் ஓர் இடம்



அக்காடி வீதி ஓரமாக நீங்கள் நடந்திருப்பீர்கள். இந்தப் பக்கம் நமது பார்க் எக்ஸ்டென்ஷன், அந்தப் பக்கம் வசதியானவர்களின் மவுண்ட் ராயல் நகரம். நடுவிலுள்ள கம்பி வேலியை அந்த நகரம் 1960இல் போட்டது. பிள்ளைகள் வீதிக்கு ஓடிவிடாமல் காக்கவே என்று காரணம் சொன்னார்கள். பல ஆண்டுகள் ஹலோவீன் இரவில் அதன் கதவுகளைப் பூட்டியும் வைத்தார்கள். மிட்டாய் கேட்டு யார் வந்துவிடக்கூடாது என்று பூட்டினார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.

ஆனால் அந்த நகரத்தாரை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நம்மில் பலருடைய ஊராகிய யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இப்படி ஒரு பிரிவினை இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே உயர்ந்த சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருந்து படித்தார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள், கள் இறக்கியவர்கள் முதலானோரின் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பல இடங்களில் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. மிஷன் பள்ளிக்கூடங்களிலும் இது நடந்தது. ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று ஆலயத்தில் பிரசங்கித்தவர்களே, மற்ற மாணவர்கள் விலகிப் போய்விடுவார்கள் என்று பயந்து இதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு வாங்குக்கு ஏன் இத்தனை சண்டை? காணி ஒருவனுக்கு, உழைப்பு மற்றவனுக்கு என்று இருந்த ஊர் அது. கூலியாளின் மகன் படித்தால் கிளாக்கர் ஆகலாம், ஆசிரியர் ஆகலாம். பிறகு வயலுக்கு யார் வருவது? சாதி ஆசாரம் என்று வாயால் சொன்னார்கள். மனதில் இருந்த பயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஹன்டி பேரின்பநாயகம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்தவர். இந்த இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்தார்கள், எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களும் பிறர் வந்து உதவட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே காலத்தில் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவிப் பணம் பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாரும் சமமாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. 'சமாசனம்' என்று பேர். அதற்குப் பதிலாகச் சில பள்ளிக்கூடங்களுக்கு இரவோடு இரவாகத் தீ வைத்தார்கள். ஓலைக் கொட்டில்கள்தானே, எரிய எவ்வளவு நேரமாகும்! ஆனாலும் பிள்ளைகள் மெல்ல மெல்ல வாங்கில் ஏறினார்கள்.

கோயிலும் தேநீர்க் கடையும் இன்னும் பல காலம் பூட்டியே கிடந்தன. 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தும் பலர் மதிக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் பொலிசார் தடியால் அடித்தார்கள்.

இன்று நமது ஆலயத்தில் நாம் எல்லாரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். கலியாணப் பேச்சில் மட்டும் அந்தப் பழைய கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. பிள்ளைகளே, ஊரில் படித்த உங்கள் தாத்தா, அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: "பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தது யார்? தரையில் இருந்தது யார்?" சிலர் உடனே சொல்வார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். அப்போது இன்னொரு முறை கேளுங்கள்.